பதினொரு இலை

என் மேசையில் ஒரு குதிரைக் குளம்பு இருக்கிறது. உள்ளே குடைந்து, மேலே பித்தளை மூடி போட்டு, மைக்கூடாகச் செய்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பால்காரன் வீட்டுல துரை வீட்டுச் சாமானா!" என்று கேலி செய்வார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். குளம்பின் மேல் விளிம்புக்கு அரை விரல் கீழே, சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறது. நூல் கனத்துக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். அந்தக் கோடு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துப்போனான். இன்னொருவன் நான்.

செத்துப்போனவன் பெயர் பழனியப்பன். டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெரிய பங்களாவில் குதிரைக்காரனாக இருந்தான். பங்களாவின் லாயத்துக்கும் என் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் ஒரு சந்துதான். சந்தில் பத்து வீடு. பாதிப் பேர் என்னைப்போலப் பால் கறந்து ஊற்றுகிறவர்கள், மீதிப் பேர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள். பழனிக்கு மட்டும் வீடு கிடையாது. லாயத்துக்கு மேலே புல் அடைத்து வைக்கிற பரணில்தான் படுப்பான். மேலெல்லாம் புல்தூசி ஒட்டியிருக்கும். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. மனிதர்களிடம் பேசும்போது தரையைப் பார்ப்பான். குதிரையிடம் பேசும்போது மட்டும் நிமிர்ந்து நிற்பான்.

அவனுக்குக் குடும்பம் இல்லாமல் இல்லை. மனைவி லெட்சுமியும் நான்கு வயது மகள் மீனாட்சியும் எங்கள் தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில், லெட்சுமியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அண்ணன் சின்னையாவுக்கு ரயில் தண்டவாளத்தில் வேலை. நல்ல மனிதன்தான். ஆனால் வீட்டில் அவன் சொல் எடுபடாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் லெட்சுமிக்குச் சட்டியைத் தள்ளிவிடுவாளாம் அண்ணி. பழனி மாதத்தில் ஒரு ஞாயிறு பெரிப் படகு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவான். வந்த அன்று நேராகப் பரணில் ஏறிப் படுத்துவிடுவான்.

துரை ஒரு பெண் குதிரைக்குட்டியை ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார். இரண்டரை வயது, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. துரை அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார். பழனிக்கு அது செவலைதான். வந்து இறங்கிய அன்று நானும் போய்ப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம், மயிர் கந்தல் பாயைப்போல இருந்தது. "இத வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணுவாரு உன் துரை?" என்று கேட்டேன்.

"தை மாசக் கடைசில பாடாங்குத் திடல்ல குதிரை ஷோ இருக்குல்ல, அதுல நிறுத்தப் போறாராம் அண்ணே. மொதப் பரிசு வாங்கணுமாம்."

ஓட விட்டுப் பார்க்கிற பந்தயம் என்றாலாவது எனக்குப் புரியும். ஒரு மிருகத்தைச் சும்மா நிற்க வைத்து, நடக்க வைத்து, இது அழகா அது அழகா என்று தொப்பி போட்டவர்கள் சுற்றி வந்து பார்ப்பதற்கு ஒரு பரிசு! நான் சிரித்தேன். பழனி சிரிக்கவில்லை. துரை அவனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். லாயத்தின் கோடியில், பழைய சமையல்காரன் இருந்த அறை காலியாகக் கிடந்தது. செவலை முதல் பரிசு வாங்கினால் அந்த அறை பழனிக்கு. மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து அவனுக்குப் பகல் ராத்திரி தெரியவில்லை. விடிந்தும் விடியாமலும் கையில் பிடித்து நடத்துவான், முதலில் ஒரு மைல், பிறகு இரண்டு, பிறகு நான்கு. வெயில் ஏறுமுன் நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவான், இடது பக்கம் எத்தனை சுற்றோ வலது பக்கமும் அத்தனை. கொள்ளை வேகவைத்து, தவிட்டையும் ஆளி விதைக் கஞ்சியையும் கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்து வைப்பான். ஒரே வேளையில் நிறைய வைத்துவிடக்கூடாது என்பதில் குறியாக இருப்பான். "மாட்டுக்கு நாலு வயிறு, எதையும் தாங்கும். இதுக்கு ஒண்ணுதான், அதுவும் பொல்லாதது. வயித்துல ஏறுன சூடு குளம்புல எறங்கிரும் அண்ணே" என்று எனக்கே பாடம் சொல்வான். இதை எழுதும்போது அவன் அன்று சொன்ன குரல் காதில் கேட்கிறது.

தீனி முடிந்ததும் தேய்ப்பு. புல்லை முறுக்கித் திரியாக்கி, தண்ணீர் தெளித்து, கழுத்திலும் தொடையிலும் தட்டித் தட்டித் தேய்ப்பான். சதை இறுகுமாம், மயிர் மினுங்குமாம். கடைசியில் வெறும் உள்ளங்கையால் ஒரு மணி நேரம். பாண்டு வாத்தியத்துக்கு மிரளாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னைக் காதருகே தட்டிப் பழக்கினான். துரைசானிகளின் குடையைப் பார்த்து ஒதுங்காமல் இருக்க, என் கிழிந்த குடையை வாங்கி அதன் முன்னால் விரித்து விரித்து மூடினான். நான்கு காலும் சரியாக ஊன்றி, கழுத்தை நீட்டி, அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. கார்த்திகை முடிவதற்குள் அந்தக் கந்தல் பாய் போன இடம் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தினால் புதுச் செப்புக்குடம்தான். அவன் பக்கத்தில் நிற்காவிட்டால் வேறு யார் கையிலும் அது தண்ணீர்கூடக் குடிக்காது.

பொங்கலுக்கு லெட்சுமியும் மீனாட்சியும் வந்தார்கள். துரை மலைமேல் ஓய்வெடுக்கப் போயிருந்தார், இரண்டு நாள் காலி அறையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். லெட்சுமி அந்த அறையைக் கூட்டி, மெழுகி, வாசலில் கோலம் போட்டாள். அடுப்பு எங்கே வைப்பது, தண்ணீர்ப் பானை எங்கே வைப்பது என்று கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் கிடைக்காத அறைக்கு இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் சந்தில் அன்று ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மாட்டுக்குப் படைத்து ஊட்டியதும், ஆளுக்கு ஓர் இலையில் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மற்ற வீட்டுக் கொட்டகைகளுக்குப் போவோம். எல்லா வீட்டு இலையும் எல்லா வீட்டு மாட்டுக்கும் போக வேண்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டோடு அடுத்த பொங்கல்வரை பேச்சு வார்த்தை இல்லை. இத்தனை வருடமும் பழனி எங்கள் கொட்டகை வாசல்களில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான். அவனுக்கு மாடு ஏது, வீடு ஏது, அவனிடம் யார் இலை கொண்டு போவார்கள்?

அந்த வருடம் லெட்சுமி புதுப்பானையில் பொங்கினாள். செவலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டாள். முதல் இலையை அவளே ஊட்டினாள். பழனி பார்த்துக்கொண்டுதான் நின்றான். ஒரு வாய்தானே, அதுவும் லெட்சுமி கை என்று விட்டிருப்பான். அப்புறம் வண்டிக்கார ராமசாமி ஓர் இலையோடு வந்து, "என்னப்பா வீட்டுக்காரரே, உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

வீட்டுக்காரரே என்று அவனை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவன் முகம் மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "வாங்கண்ணே, வாங்க" என்று கையைக் கூப்பினான். ராமசாமிக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி, அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சின்னம்மா, பிறகு சந்து முழுக்க. பத்து வீட்டு இலையும் வந்தது. ஒவ்வொருவரையும் வாசல்வரை வந்து அழைத்தான், வெற்றிலை கொடுத்தான். அந்த மனிதன் அவ்வளவு நிமிர்ந்து நின்று மனிதர்களோடு பேசியதை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐந்தாவது இலையிலோ ஆறாவது இலையிலோ அவன் கண் ஒரு தடவை செவலையின் வயிற்றுப் பக்கம் போயிற்று. வாயைத் திறந்தான். சின்னம்மா, "இது எங்க வீட்டு இலைலா தம்பி, குதிரைக்குப் பிடிக்குதே!" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பத்தாவது இலை என்னுடையது. மற்றவர்களைவிட எங்கள் வீட்டில் பால் நெய்க்குப் பஞ்சமில்லை என்று காட்டிக்கொள்ள, ஒரு கரண்டி நெய்யைக் கூடவே ஊற்றிக்கொண்டு போயிருந்தேன். லெட்சுமியோடு சேர்த்துப் பதினொரு இலை.

மூன்றாம் நாள் விடியற்காலை. நான் பால் ஊற்றிக்கொண்டு வடக்குக் கடற்கரை வழியாக வந்தேன். கடலுக்குள் முழங்கால் ஆழத்தில் ஒரு குதிரை நிற்கிறது, பக்கத்தில் வேட்டி நனைய ஒரு மனிதன். சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். செவலை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு, உட்காரப் போகிறாற்போல நின்றது. பழனியின் கண் சிவந்திருந்தது.

"குளம்பு கொதிக்குது அண்ணே. கை வைக்க முடியல. பொங்கச்சோறு வேலையக் காட்டிருச்சு. கடல் தண்ணியில நின்னா வலி தெரியல, கொஞ்சம் நடக்குது."

"அட பாவி! மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லேன் துரைகிட்ட."

"கூப்பிட்டா என்ன சொல்லுவாரு? மூணு மாசம் அசையாம கட்டிப்போடுன்னுவாரு. ஷோ போச்சு. ரூம்பு போச்சு. என்னத்தப் போட்டேன்னு கேப்பாங்க. வேலையும் போச்சு. லெட்சுமி அங்க கூட்டி மெழுகி வச்சுட்டுப் போயிருக்கா அண்ணே."

மூன்று மாதம் கட்டிப்போட்டால் பிழைக்குமா என்று நான் கேட்டேன். பிழைக்கும் என்றான். ஓடவிட்டால்? அவன் தண்ணீரைப் பார்த்தான்.

சொல்லிவிடு என்று நான் அவனை வற்புறுத்தியிருக்க வேண்டும். இல்லை, நானே துரையிடம் போய், நாங்கள் பத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை இது, இவன்மேல் குற்றமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பங்களாவுக்குத் தினமும் நான்கு போத்தல் பால் ஊற்றுகிறவன் நான். அந்த வாடிக்கை போய்விடுமே என்ற எண்ணம் வந்தது. அதை இப்போது ஒளிப்பானேன்? "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

மலையிலிருந்து இறங்கி வந்த துரை லாயத்துக்கு வந்தார். செவலை ஈரச் சாக்கின்மேல், முட்டுவரை வைக்கோல் பரப்பிய இடத்தில் நின்றது. நான் பால் போத்தலோடு பின்வாசலில் இருந்தேன். ஏதாவது கோளாறு உண்டா என்று துரை மலாய் மொழியில் கேட்டார்.

"தாடா, துவான்" என்றான் பழனி. ஒன்றுமில்லை, ஐயா. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அன்று முதல் இரண்டு வாரம், விடிவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், பொழுது சாயும்போது இரண்டு மணி நேரம் கடல். கொள்ளை நிறுத்தி வெறும் புல்லைக் காட்டினான். உடம்பு இளைத்துவிடாமல் இருக்க இன்னும் அதிகமாகத் தேய்த்தான். அவன் கால்விரல் இடுக்கெல்லாம் உப்புத் தண்ணீரில் வெந்து புண்ணாகிவிட்டது. அது அவனுக்குத் தெரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம். செவலையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பான். மன்னிப்புக் கேட்டிருப்பான். வேறென்ன கேட்பான்?

ஷோ அன்று காலையில் எட்டு மணிவரை அதைக் கடலிலேயே வைத்திருந்துவிட்டு, துடைத்து, நேராகப் பாடாங்குக்கு நடத்திக்கொண்டு போனான். நான் வேலிக்கு வெளியே கூட்டத்தில் நின்றேன். பதினான்கு குதிரைகள். பாண்டு வாசித்தது, குடைகள் விரிந்தன, செவலை காதைக்கூட அசைக்கவில்லை. பரிசு கொடுக்கிற வெள்ளைக்காரர் கழுத்தைத் தடவினார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். குனிந்து முன்னங்காலைத் தூக்கிக் குளம்பில் கை வைத்தார். கடல் தண்ணீர் சூட்டை இழுத்திருந்தது. அவர் காலைக் கீழே விட்டுவிட்டு, ஓடவிடச் சொன்னார்.

பழனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். செவலையும் ஓடியது. ஒரு காலையும் தாங்கித் தாங்கி வைக்கவில்லை, தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் அவனுக்கும் தெரியும். அவன் கேட்டான், அது ஓடியது. ஐந்து மாதம் உள்ளங்கையால் தேய்த்ததற்கு அது கொடுத்த பதில் அதுதான்.

முதல் பரிசு. துரைக்குத் தலைகால் புரியவில்லை. துரைசானிகள் படம் பிடிக்க வேண்டும் என்று இன்னும் ஒரு சுற்று ஓடவிடச் சொன்னார். பிறகு இன்னொன்று. மூன்றாவது சுற்றில் பழனியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கிளம்பி வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், டத்தோ கிராமாட் சாலையில், செவலை படுத்துவிட்டது. சேதி கேட்டு வண்டிக்காரர்களும் நானுமாக ஆறு பேர் சேர்ந்துதான் மாட்டுவண்டியில் ஏற்றி லாயத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மாட்டு டாக்டர் வந்தார். குளம்புக்குள்ளே எலும்பு இடம் பெயர்ந்து அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றான் பழனி. டாக்டர் அவனையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு துரையிடம், திடலின் தரை இறுகிப்போயிருந்ததால் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். துரை ஷோ நடத்தியவர்களைக் கண்டபடி திட்டினார். பழனியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

நான்காம் நாள், இனித் தேறாது என்று செவலையைச் சுட்டார்கள். கயிற்றைப் பிடிக்க வேறு ஆளை வைக்கிறேன் என்று துரை சொன்னாராம். வேறு ஆள் பிடித்தால் மிரளும் என்று இவன்தான் பிடித்தான். கடைசியில் தலையைக் கொண்டுவந்து இவன் நெஞ்சில் வைத்துக்கொண்டதாம். அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

துரை சொன்ன சொல் தவறாதவர். மறுவாரமே லெட்சுமியும் மீனாட்சியும் அறைக்கு வந்துவிட்டார்கள். அடுப்பு அவள் கைகாட்டிய இடத்தில் வந்தது, தண்ணீர்ப் பானையும் அப்படியே. சந்துக்காரர்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். "நம்ம குதிரை வாங்கிக் குடுத்த வீடு" என்றாள் லெட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பழனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குளம்பு ஒன்றை மைக்கூடாக்கித் துரை தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதன் பித்தளையைச் சனிக்கிழமைதோறும் துலக்குவது பழனியின் வேலை. ஏழு வருடம் துலக்கினான். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு லெட்சுமி எல்லோர் வீட்டுக்கும் இலை எடுத்துக்கொண்டு போனாள், அவன் பரணிலேயே இருந்தான். சர்க்கரைப் பொங்கலை அதற்குப் பிறகு அவன் வாயில் வைத்ததில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவைத்திருந்தான். துரை சீமைக்குப் போகும்போது, விசுவாசமானவன் என்று அந்த மைக்கூட்டை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருடமே மழைக்காலத்தில் மார்ச்சளி வந்து பழனி இறந்துபோனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் லெட்சுமி குளம்பை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவரு இதத் தொடைக்கும்போதெல்லாம் இந்தக் கோட்டுமேல வந்து கை நின்னுரும். அழுவாரு. என்னன்னு கேட்டா சொல்லமாட்டாரு. உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாரு. இது என்ன கோடு அண்ணே?"

குளம்பு நகத்தைப்போல வளர்கிறது. எந்த நாளில் உள்ளே நோய் விழுந்ததோ, அந்த நாள் வெளியே கோடாக வரும். மாட்டுப் பொங்கலிலிருந்து சுட்ட நாள்வரைக்கும் அரை விரல். பழனி எனக்கு விரலை வைத்துக் காட்டியிருக்கிறான். அதை லெட்சுமியிடம் எப்படிச் சொல்வது? முதல் இலை அவள் கை. மகளோடு அவள் படுத்து எழுந்த அறை அந்தக் கோட்டை மறைத்ததற்குக் கிடைத்தது. பழனி ஏழு வருடம் மூடி வைத்ததை நான் ஒரு நொடியில் திறந்துவிடுவதா?

"ஒண்ணுமில்ல தங்கச்சி. கப்பல்ல வந்தப்ப பட்ட அடியா இருக்கும்" என்றேன்.

அவள் நம்பினாள். அறையில் இருந்தால் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைப்பு வருகிறது என்று குளம்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். இனிமேல் எழுதலாம் என்று நினைத்தேன்.

இந்த மைக்கூட்டில் தொட்டுத்தான் எழுதுகிறேன். சந்தில் இன்றைக்கும் ராமசாமியும் சின்னம்மாவும், தரை இறுகிப்போனதால்தான் அந்தக் குதிரை போயிற்று என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் ஊட்டியது ஆளுக்கு ஓர் இலை. நானும் ஓர் இலைதான் ஊட்டினேன், நெய்யோடு.